இடும்பியின் மகன்

சென்னை கே.கே. நகரினின்று வடக்கே சிறிது தொலைவு நடந்தால் வடபழனி ஆற்காடு சாலையை அடைகிறோம். ஒரு காலத்தில் அங்கே விஜயா-வாகினி படப்பிடிப்பு நிலையம் பரந்து கிடந்தது. இன்று அந்நிலத்தில் மருத்துவமனையும், 2013-இல் திறக்கப்பட்ட வணிக வளாகமும் நிற்கின்றன. 1957-இல் வெளிவந்த ‘மாயாபஜார்’ விஜயா நிறுவனத்தார் படைத்ததே. அதில் எஸ்.வி. ரங்காராவ் கடோற்கசனாகத் தோன்றிக் கல்யாண விருந்தை உண்டு தீர்க்கும் காட்சியை நம் பிள்ளைகள் இன்றும் கைகொட்டிக் காண்கின்றனர்.

அவர்கள் கைகொட்டுவது ஓர் அரக்கியின் மகனுக்கு! பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன் கடோற்கசன். தந்தை வழியில் தோள்வலிமையும், தாய் வழியில் மாயமும் அவனுக்கு வாய்த்தன. பிறந்தவுடனே காளைப் பருவம் எய்தினான் என்றும், இரவில் அவன் ஆற்றல் பெருகும் என்றும் பாரதம் கூறுகிறது. அவன் தாயோடு காட்டில் வளர்ந்தான். ஆயினும் தந்தை நினைத்தபோதெல்லாம் வந்து உதவினான். பதினான்காம் நாள் இரவுப் போரில், அருச்சுனனுக்கென்று கர்ணன் காத்து வைத்திருந்த சக்தி ஆயுதத்தைத் தன் மார்பில் ஏற்று மாண்டான்.

கடல் கடந்த பிலிப்பைன்ஸிலோ இத்தகைய பிள்ளையை அஞ்சி ஒதுக்கினர். இரவில் உருமாறிக் கருவிலுள்ள சிசுவைத் தின்னும் ‘அசுவாங்’ என்னும் பேயுருவின் ஆற்றல், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. சாகுந்தறுவாயில் தொண்டையினின்று ஒரு கருங்குஞ்சு வெளிப்பட்டு வாரிசின் வாயுள் புகுமாம்! அப்பெயர் சூட்டப்பட்ட குடும்பத்தாரோடு ஊரார் உறவாட அஞ்சினர்.

இந்நம்பிக்கை வேரூன்றிய காப்பிஸ் மாநிலம் பானாய்த் தீவில் உள்ளது. அதே தீவில் தாய் வழியாக ஆண்மக்களுக்கு இறங்கும் நரம்பு நோய் ஒன்று உண்டு. உடல் முறுக்கும், வாய் கோணும், நா தானே வெளித்தள்ளும். 1976-இல் மருத்துவர்கள் இதனை விவரித்து எழுதினர். இந்நோயுற்றோரின் தோற்றமே அசுவாங் அச்சத்தை வளர்த்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர். அவ்வாறாயின், பேயென்று வெருட்டப்பட்டோர் நோயாளிகளே அல்லரோ?

மீண்டும் கே.கே. நகருக்கே வருவோம். இங்குள்ள அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் கைகால் குறையுற்றோர்க்குப் பயிற்சியும் செயற்கை உறுப்புகளும் அளிக்கின்றனர். குறையோடு பிறந்த மகவை இடுப்பில் சுமந்து வரும் தாயை நோக்கி, “யார் செய்த பாவமோ!” என்று முணுமுணுப்போர் நம்மிடையேயும் இலரோ? பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதனையே வினவினர். அவனுமன்று, அவன் பெற்றோருமன்று என மறுத்தார் நம் ஆண்டவர்.

ஆகவே, அன்புப் பெற்றோரே, அத்தாயை அடுத்த முறை காணும்போது குலத்தை வினவாதீர்கள். குழந்தையின் பெயரை வினவுங்கள். அவள் பேருந்தில் ஏறும்வரை கைப்பையைச் சற்றே வாங்கிக்கொள்ளுங்கள்.