மறதியன்று

"கடவுச்சொல் பிழையானது" என்று கணினி கூறும்போது நாம் முதலில் ஐயுறுவது எம்மையே. எமது துறையின் சேவையகம் புதுப்பிக்கப்பட்ட மறுநாட் காலை, ஆய்வேட்டின் இறுதி அத்தியாயங்களைப் பொதுக் கோப்புறையில் வைத்திருந்த மாணவர் பலரும் இவ்வையத்திற்கு ஆளாயினர். சமர்ப்பிக்கும் நாளோ அடுத்த வாரம். மறதியே காரணம் என்றனர் பொறுப்பாளர். ஒருவர் மறக்கலாம், ஒரு வகுப்பே ஓரிரவில் மறக்குமா?

அதே சொல்லைக் கொண்டு சேவையகத்தினுள் நேரே புக முடிந்தது. கோப்புறை மட்டுமே மறுத்தது. உண்மை அங்கேதான் புலப்பட்டது. லினக்ஸ் சேவையகத்திற் கோப்புகளைப் பகிரும் சாம்பா என்னும் மென்பொருள், கடவுச்சொற்களுக்கெனத் தனியேடு ஒன்றை வைத்திருப்பது. லினக்ஸின் ஏட்டிலுள்ள மறையுருவும் சாம்பாவின் மறையுருவும் வெவ்வேறு முறையில் ஆக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுதல் இயலாது. புதுப்பித்தவர்கள் முதல் ஏட்டை மாத்திரமே கொண்டுவந்திருந்தனர். பழைய வட்டிலிருந்து இரண்டாம் ஏடும் பெயர்க்கப்பட்டதும் கதவு திறந்தது.

வருடியின் கதை வேறு. அது அறிந்தது எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற் பதிப்பை மட்டுமே. 2019இல் வெளிவந்த சாம்பா 4.11 தொடக்கம் அப்பதிப்பு இயல்பாகவே அடைக்கப்பட்டுள்ளது. (இப்பதிப்புகளைக் கணினியாளர் கிளைமொழிகள் என்றே குறிப்பிடுவது மொழியியல் பயில்வோருக்கு உவப்பளிக்கும்.) அதனை மீண்டும் திறந்துவிடுமாறு சிலர் வேண்டினர். 2017இல் வன்னாக்ரை என்னும் தீநிரல் பரவியது, அப்பழைய பதிப்பைக் கையாள்வதில் விண்டோஸ் கொண்டிருந்த குறையினூடாகவே. ஆதலால் நான் உடன்படவில்லை. வருடிய தாள்களை இப்போது பென் டிரைவில் எடுத்துச் செல்கின்றோம், சற்றுத் தொல்லைதான்.