பானட் சூடு

வாய்க்கால் மேட்டில் திரும்பும்போதே பள்ளிக்கூட பஸ் வருவதைக் காது சொல்லிவிடும். லேலண்ட் 400. மேடேறும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல், கியர் மாறும் இடத்தில் சின்ன மௌனம், பிறகு மறுபடி முனகல். அதற்குள் தலைவாரி முடித்து, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

400 என்பது இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலக் கணக்கில். சுமார் ஆறரை லிட்டர், ஆறு சிலிண்டர். இங்கிலாந்தின் லேலண்ட் ஊரிலிருந்து வந்த வம்சம் அது. ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948ல் தொடங்கிய எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்றைக்கு அந்த இன்ஜின் எங்களுக்கு, டிரைவரண்ணனின் இடப்பக்கம் தகரப் பெட்டிக்குள் கிடந்த சூடு மட்டுமே.

அந்தப் பெட்டியைப் பானட் என்போம். மழை நாளில் நனைந்த பையை அதன்மேல் வைத்தால் பள்ளி போய்ச் சேர்வதற்குள் காய்ந்திருக்கும். “கைய வெக்காத கண்ணு, சுட்டுப்போடும்” என்பார் டிரைவரண்ணன். பைகளுக்கு மட்டும் ஒதுக்கி இடம் தருவார். இன்ஜினை அணைக்கச் சாவி கிடையாது. டீசலை நிறுத்தும் ஒரு குமிழ் இருக்கும். இழுத்துப் பிடித்தால் வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கும். அதை இழுக்கும் பாக்கியம் எப்போதாவது முன்சீட்டுப் பையனுக்குக் கிடைக்கும்.

ரூட் பஸ்ஸாக ஓடிக் களைத்து, ஏலத்தில் பள்ளிக்கு வந்த வண்டி அது. மே மாதம் அதற்கு இன்ஜின் வேலை நடக்கும். செயின் பிளாக்கில் தூக்கி இறக்கி, ஹெட்டைக் கழற்றி, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்புவார்கள். கிராங்க் லேத்துக்குப் போகும். டீசலை அழுத்தித் தரும் மைக்கோ பம்ப் தனியாகப் பம்ப் கடைக்குப் போகும். மறுபடி பூட்டி ஓடவிட்டதும், மேஸ்திரி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த சிலிண்டர் சரியில்லை என்று அதில் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மனிதன் தன் கையாலும் காதாலும் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம் அது. என் ஏக்கத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

ஒரு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வேறு சத்தம் கேட்டது. பிளாக் விரிசல் விட்டதால் ஹினோ இன்ஜின் மாற்றியிருந்தார்கள். ஜப்பான் ஹினோவோடு கூட்டுச் சேர்ந்து எண்பதுகளில் லேலண்ட் கொண்டுவந்த இன்ஜின் அது. அதே நம்பர் பிளேட், அதே கிழிந்த சீட், ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் புது இன்ஜின் எண். டிரைவரண்ணனுக்கு மகிழ்ச்சி, டீசல் மிச்சம், மேட்டில் இழுவை அதிகம். எனக்கு வேறு யாரோ எங்கள் பஸ்ஸை ஓட்டிவந்தது போல இருந்தது.

அந்த வண்டிகளில் இன்றைக்குக் குழந்தைகளை ஏற்ற மாட்டேன். 2012ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த ஆண்டுதான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியதும் அதே 2012ல். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் இன்ஜினில் கோளாறு என்றால் முதலில் கம்ப்யூட்டரைத்தான் செருகுகிறார்கள். வரவேண்டிய மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்ட அந்த மேஸ்திரியின் படிப்பு எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

லேலண்டின் அந்தப் பழைய வம்சம் கடலுக்கும் போனது. தமிழக விசைப்படகுகள் பல, படகுக்கென்று மாற்றிய லேலண்ட் இன்ஜின்களில்தான் நெடுங்காலம் ஓடின. நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு படகுக்காரரிடம் விசாரித்தேன். உதிரி சாமான் இன்னும் கிடைக்கிறதாம். வேலை தெரிந்த ஆள்தான் இல்லையாம். சுற்றிலும் பலர் அதிகக் குதிரைத் திறன் கொண்ட சீன இன்ஜின்களுக்கு மாறிவிட்டார்கள், அதனால் மீனவர்களுக்குள் சண்டையும் நடக்கிறது என்றார். அவர் மாறவில்லை. அவரும் அவர் தம்பியும் சேர்ந்து தாங்களே லைனர் மாற்றுகிறார்கள்.