பேசேஜில் பத்துக்குப் பத்து

இரண்டு நாளாகச் சாரல் நன்றாக அடிக்கிறது. திண்ணையை விட்டு எழுந்திருக்க மனமில்லை. அதனால் பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தங்கை மகன் போனில் கேட்டான்: “மாமா, பாப்பா இங்கிலீஷ்ல தொண்ணூறுக்குக் குறையாம எடுக்கா. ஆனா பேங்க்ல இருந்து வந்த லெட்டரைக் கொடுத்து என்ன போட்டிருக்குன்னு கேட்டா முழிக்கா. அது எப்படி மாமா?” இதே கேள்வியை உங்களில் பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த வரியைப் படியுங்கள். “பிலாக்கன் சடுமத்தில் குரப்பைத் தெவித்தான். அதனால் சிமிளி கவிறினாள்.”

பிலாக்கன் எங்கே தெவித்தான்? சடுமத்தில். எதைத் தெவித்தான்? குரப்பை. சிமிளி ஏன் கவிறினாள்? பிலாக்கன் குரப்பைத் தெவித்ததால். மூன்று கேள்விக்கும் மூன்று மார்க் வாங்கிவிட்டீர்கள். அகராதியைத் தேட வேண்டாம், அந்த வார்த்தைகள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து நானே கட்டியவை. ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாமல் முழு மார்க் எடுக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன். பாப்பா செய்வதும் இதுதான். கேள்வியில் உள்ள வார்த்தையைப் பேசேஜில் தேடுவது, கிடைத்த வரியை அப்படியே இறக்குவது.

இந்த உத்தியை நான் கேலி செய்ய மாட்டேன். வீட்டில் இங்கிலீஷ் வாடையே இல்லாத பிள்ளைக்கு 35 மார்க் என்பது ஒரு வாசல். அதைத் தாண்டினால்தான் அடுத்த படிப்பு. ஆனால் வாசலைத் தாண்டிய பிறகும் அதே உத்தியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு என் மாணவி ஒருத்தியின் கதை இருக்கிறது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

அவள் அம்மா பீடி சுற்றித்தான் அவளை நர்சிங் படிக்க வைத்தார். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை. இங்கிலாந்து போக ஆசை. அங்கே நர்சாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ரீடிங்கில் 7 பேண்டு வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் 6. ஒரு தடவை எழுதுவதற்கே சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. “ஸ்கூல்ல நான் பேசேஜுக்கு எப்பவும் பத்துக்குப் பத்துதானே சார்?” என்று போனில் அழுதாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போனில் பாடம்.

அந்தத் தேர்வில் மூன்று நீண்ட பேசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். அதில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று மூன்றில் ஒன்றை எழுதச் சொல்வார்கள். சரி, தவறு, சொல்லப்படவில்லை. அந்த மூன்றாவதில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். பேசேஜில் பதில் இல்லாமல் கேள்வி வரும் என்று பத்து வருடப் படிப்பில் அவர்கள் பார்த்ததே இல்லை.

அவளுக்குத் தமிழிலேயே ஒன்று சொல்லிப் பார்த்தேன். “குற்றாலத்தில் ஜூன் மாதம் சீசன் தொடங்கியது. வியாபாரிகள் மகிழ்ச்சி அடைந்தனர்.” இது பேசேஜ். “சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூட்டம் அதிகம்.” இது வாக்கியம். “ட்ரூ சார்” என்றாள். எங்கே போட்டிருக்கிறது என்றேன். “வியாபாரிங்க சந்தோஷப்படுறாங்கன்னா கூட்டம் ஜாஸ்தின்னுதானே சார் அர்த்தம்?” அது அவளுடைய யூகம். பேசேஜ் அதைச் சொல்லவில்லை. எழுதியிருப்பது எது, நாமாகச் சேர்த்துக்கொள்வது எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்தது வார்த்தை. அவளுக்கு மருத்துவ வார்த்தை எதுவும் கஷ்டமில்லை. நமக்கு வாயில் நுழையாத நோயின் பெயரெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அவளைக் கவிழ்த்தவை சின்ன வார்த்தைகள்: அன்லெஸ், ஆல்தோ, ஹார்ட்லி. ‘ஹார்ட்’ என்றால் கடினம், அப்படியானால் ‘ஹி ஹார்ட்லி வொர்க்ட்’ என்றால் கடினமாக உழைத்தான் என்று எடுத்துக்கொள்கிறாள். அவன் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை என்பதுதான் பொருள்! ‘டாக்டர் சொன்னாலொழிய மருந்தை நிறுத்தாதே’ என்று ஒரு மருந்துச் சீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த ‘அன்லெஸ்’ஸைத் தாண்டிக் குதித்தால் எவ்வளவு பெரிய வம்பு?

நாம் தமிழில் தினமும் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகள் வேறு குழப்பும். வருடத்துக்கு எத்தனை சீசன் என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் “ஒண்ணு சார், ஜூன்ல வரும்” என்பார்கள். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைக்கு அது சரியான பதில்தான். ஆற்றில் ஒருவனைக் கரன்ட் இழுத்துக்கொண்டு போனது என்று ஒரு பாடம். ஏன் செத்தான் என்று கேட்டேன். “கரன்ட் கம்பி அறுந்து ஆத்துல விழுந்துட்டு சார்” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் ஒருவன்தான் வரியை அப்படியே இறக்காமல் அர்த்தம் யோசித்தவன். (இதைப் படிக்கிறாய் என்று தெரியும். மின்வாரியத்தில் வேலை எப்படிப் போகிறது?)

பி.எட். படித்தவர்களுக்கு மைக்கேல் வெஸ்ட் பெயர் ஞாபகம் இருக்கும். நூறு வருடத்துக்கு முன் டாக்காவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். வங்காளத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசுவதைவிட வாசிக்கத் தெரிவதுதான் முதல் தேவை என்று 1926இல் எழுதினார். புழக்கத்தில் இல்லாத பழைய வார்த்தைகளை எடுத்துவிட்டு, புது வார்த்தைகளை விட்டு விட்டுத் தூவி, வந்ததே திரும்பத் திரும்ப வரும்படி வாசகங்கள் எழுதினார். 1953இல் வந்த அவருடைய பட்டியலில் சுமார் 2,000 அடிப்படை வார்த்தைகள். சாதாரண இங்கிலீஷ் எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு இவைதான்.

ஐந்தில் நான்கு என்றால் நிறைய மாதிரித் தெரியும். ஆனால் ஐந்து வார்த்தைக்கு ஒன்று புரியவில்லை என்றால் அந்தப் பக்கம் புரியாது. துணையில்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள நூறில் 98 வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் என்ற இருவர் 2000இல் எழுதினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று நான் சொல்லும்போது பெற்றோருக்கு முகம் சுருங்குகிறது. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று புது வார்த்தைக்கு மேல் இருந்தால் பிள்ளை வாசிக்கவில்லை, வார்த்தை பொறுக்குகிறது. கீழே இறங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சில பள்ளிகளில் இலக்கணத்தை நேரடியாகச் சொல்லிக் கொடுக்காமல், ரயில் அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து யோசித்து விடை காணச் சொன்னார். நான் அதைச் செங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டேன். பொதிகை எக்ஸ்பிரஸ் நேரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, “சென்னையில் காலை 10 மணிக்கு இண்டர்வியூ. முந்தின நாள் எத்தனை மணிக்குள் தென்காசி ஸ்டேஷனில் நிற்க வேண்டும்? வண்டி இரண்டு மணி நேரம் லேட் ஆனால் என்ன ஆகும்?” என்று இங்கிலீஷில் கேட்பேன். வரியை இறக்கி இதற்குப் பதில் எழுத முடியாது. உங்களில் சிலர் அந்த ரயிலைப் பிடித்துத்தான் இன்று சென்னையில் இருக்கிறீர்கள்.

தங்கை மகனுக்குச் சொன்னது இவ்வளவுதான். தினமும் ஒரு பக்கம், சுலபமான பக்கம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று ஆச்சியிடம் தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. வகுப்பில் தமிழ் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகளுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். புது வார்த்தையைத் தனியாக எழுதி எதிரே அர்த்தம் எழுதும் நோட்டு வேண்டாம். அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதி, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கட்டும். அந்த பேங்க் லெட்டரையும் அவளிடமே திரும்பக் கொடு, கூட உட்கார்ந்து படி என்றேன்.

மாணவியின் விஷயம் கேட்பீர்கள். போன ஞாயிறு மாதிரித் தேர்வில் 40க்கு 29. 7 பேண்டுக்கு வழக்கமாக 30 வேண்டும். தப்பாய்ப் போன பதினொன்றில் நாட் கிவன் இரண்டே இரண்டுதான், முன்பெல்லாம் அதிலேயே ஐந்து ஆறு போகும். அடுத்த மாதம் பரீட்சை. நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் படிக்கிறாள். தூங்கிவிட்டுப் படி என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.