லாரிக்கு ஏது வின்டேஜ்?

அரசு வண்டிகளுக்கு ஆயுள் 15 வருடம்தான் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்துவிட்டது. அதற்குமேல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அனுமதி பெற்ற உடைப்பு மையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் பயன்படும் சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. தீயணைப்பு வண்டியை அந்த விலக்கில் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. இந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சித்தூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பன் சொன்னான்: "அந்த உத்தரவுக்கு முன்னாடியே ஏலத்துல போன ஒரு ஃபயர் இன்ஜினைத் திருப்பதி ஆட்டோநகர்ல இப்ப பிரிக்கிறாங்கடா. பிரிக்கிறது யாரு தெரியுமா? அதுக்கு பாடி கட்டினவரே. கெளம்பி வா."

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு 70 கிலோமீட்டர் சொச்சம். மாங்காய் சீசன். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசல்களில் வரிசை கட்டி நின்றன. பின் ஸீட்டில் நண்பனின் மாமா. தீயணைப்புத் துறையில் டிரைவர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெயரே வேலையைச் சொல்லிவிடும்: ஓட்டிக்கொண்டு போவதும் அவர்தான், போன இடத்தில் பம்பை இயக்குவதும் அவர்தான். வழியெல்லாம் எதிரே வருகிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "லேலண்டு", "டாடா" என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றும் தப்பவில்லை.

ஆந்திராவில் ஊருக்கு ஊர் ஆட்டோநகர் உண்டு. லாரிப் பட்டறைகளை ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குவித்து வைத்த பேட்டை. திருப்பதி ஆட்டோநகரில் கிரீஸ் நாற்றமும் வெல்டிங் புகையும் தாண்டி, ஒரு வேப்பமரத்தடியில் அந்த வண்டி நின்றது. சிவப்பு வெளுத்து செங்கல் நிறம். கூரையில் ஏணி வைக்கும் சட்டம் மட்டும் மிச்சம். முன்னால் மணி தொங்கிய கொக்கி இருக்கிறது, மணி இல்லை. "பித்தளை சார், அதான் மொதல்ல போகும்" என்றார், இந்த வண்டிக்கு பாடி கட்டிய மேஸ்திரி.

மேஸ்திரிக்கு 70 தாண்டியிருக்கும். வேலூர்ப் பக்கத்துத் தமிழர். பட்டறைப் பையன்கள் தெலுங்கில் கேட்க, அவர் தமிழில் திட்ட, வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் பம்பின் பின்பக்க நட்டில் 24-ம் நம்பர் ஸ்பானரை மாட்டி முறுக்கினான். வழுக்கியது. 23-ஐ எடுத்தான். வாய் ஏறவில்லை. மேஸ்திரி உள்ளே போய் ஒரு சாக்குச் சுருளை எடுத்துவந்து அவிழ்த்தார்.

கறுப்பேறிய ஸ்பானர்கள், ஒவ்வொன்றும் ஒரு முழங்கை நீளம். ஒன்றை என் கையில் கொடுத்தார். அதில் "1/2" என்றும் பக்கத்தில் ஆங்கில "டபிள்யூ" எழுத்தும் பொறித்திருந்தது. ஆனால் வாயை அளந்தால் அரை இஞ்ச் இல்லை, 23 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் வகுத்த அளவு இது. அவர் முறையில் ஸ்பானரில் இருக்கும் எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட்டுத் தண்டின் கனம். நாம் 1956-ல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்டு மாறிவிட்டோம். பிரிட்டனிலிருந்து வந்த பழைய பம்புகளும் வண்டிகளும் விட்வொர்த்திலேயே நின்றுவிட்டன. மெட்ரிக் ஸ்பானரை மாட்டினால் நட்டின் மூலை மழுங்கி மொட்டையாகிவிடும். அப்புறம் உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மேஸ்திரி ஸ்பானரை மாட்டி, அதன் வால்மீது ஒரு காலை வைத்து லேசாக எம்பினார். 'டக்'கென்று இளகியது.

"லேலண்டு வண்டியில எப்படி இந்த நட்டு?" என்று கேட்டேன். பம்பு வண்டியைவிட மூத்ததாம். முந்தைய வண்டியைக் கண்டம் பண்ணியபோது பம்பைக் கழற்றி இந்தப் புது சேஸில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர் இவர்தான். அப்போது தன் மேஸ்திரியிடமிருந்து கைக்கு வந்தவைதான் இந்த ஸ்பானர்களும்.

மேஸ்திரியின் அப்பா மாட்டு வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி. லாரி பெருகப் பெருகச் சக்கரத்துக்கு ஆள் வருவது நின்றது. அப்பாவும் பிள்ளையும் சித்தூருக்கு வந்து லாரி கேபின் கட்டும் பட்டறையில் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் எண்ணூர் அசோக் லேலண்டு ஆலையிலிருந்து வெறும் சேஸ்தான் வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டீரிங், முன்னால் ஒரு முகப்புத் தகடு, அவ்வளவே. கூரை, கதவு, முன்கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, துண்டால் தலையையும் காதையும் இறுக்கிக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வெயிலிலும் மழையிலும் ஓட்டி வருவார்கள். மற்றதெல்லாம் பட்டறையின் பொறுப்பு. மரச்சட்டத்தில் கேபின் எழுப்பித் தகடு போர்த்துவார்கள். தட்டையான தகட்டை மணல்மூட்டைமேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டியே மட்கார்டின் வளைவை எடுப்பார்கள். அச்சு கிடையாது, வரைபடம் கிடையாது. "இடது பக்கமும் வலது பக்கமும் ஒண்ணா இருக்கணும். அது மட்டும்தான் கணக்கு" என்றார். லாரி என்றால் கம்பெனி பாதி, பட்டறை பாதி. கம்பெனி பெயர் முன்னால் கொட்டை எழுத்தில் இருக்கும். பட்டறை பெயர் கதவோரத்தில் சிறு தகட்டில் இருந்தால் உண்டு.

பட்டறையில் கூலி போதாமல் நடுவில் கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போயிருக்கிறார். திருமலைக்கு அரிசி, பருப்பு ஏற்றிப் போகும் லாரி. முதல் மலைப்பாதை திறந்தது 1944-ல். இரண்டாவது பாதை 1974-ல் வரும்வரை ஏறுவதும் இறங்குவதும் அந்த ஒன்றில்தான். கிளீனரின் ஆயுதம் ஒரு முக்கோணக் கட்டை. கொண்டையூசி வளைவில் டிரைவர் டபுள் கிளட்ச் அடித்து கியரை இறக்குவதற்குள் வண்டி ஒரு முழம் பின்னால் வழுகும். அந்த நொடியில் கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கட்டையைக் கொஞ்சம் பிந்திப் போட்டவர்கள் கதையை அவர் சொல்ல ஆரம்பித்தார். மாமா, "அதெல்லாம் வேணாம், வுடு மேஸ்திரி" என்று தடுத்துவிட்டார்.

பம்பு கீழே இறங்கியதும் மாமா கைக்கு உயிர் வந்துவிட்டது. அதன் வயிற்றுக்குள் விரலை விட்டு, இறக்கைச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். இந்த வகைப் பம்பு தண்ணீரைத்தான் தள்ளும். காற்றைத் தள்ளத் தெரியாது. ஆகவே முதலில் உறிஞ்சு குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பெயர் பிரைமிங். குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்துவிடும், தண்ணீர் ஏறாது. எல்லாம் சரியாக இருந்தாலும் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வாயுமண்டல அழுத்தம் அவ்வளவுதான். நடைமுறையில் 7 மீட்டர். "நம்ம சித்தூர்ல கிணறு எத்தனை ஆழம் சொல்லு? பங்குனி சித்திரையில வைக்கப்போர் எரியும், கரும்புத் தோட்டம் எரியும், வெல்லக் கொட்டாய் எரியும். அப்பதான் கிணத்துத் தண்ணி பாதாளத்துல கெடக்கும். ஹோஸை எறக்கிட்டு பிரைமிங் போட்டா காத்து காத்தா வரும். ஊரே சுத்தி நின்னு திட்டும். நாங்க என்ன பண்ணுவோம்?" இதைச் சொல்லும்போது அவருக்கு இன்னும் கோபம் இருந்தது.

தீயணைப்புப் பம்புக்கு ஒரு கிளைக்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஏராளமான தீயணைப்புப் பம்புகளைச் செய்து கொடுத்தது கோவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி. போருக்குப் பின், தூக்கிச் செல்ல வசதியாக எடை குறைந்த பம்பு எஞ்சின் ஒன்றை அது செய்தது. எடை குறைவு, இழுவை அதிகம் என்றதும் பந்தயக் கார்க்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றது அந்தக் கம்பெனி எஞ்சினில்தான். இதைச் சொன்னபோது மாமா சிரிக்கவில்லை. "பின்ன? பம்பு எஞ்சின்னா சும்மாவா" என்றார்.

தண்ணீர்த் தொட்டியை கேஸ் வைத்து வெட்டியதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. புகையாக இருந்தது, தள்ளி நின்றுவிட்டேன். அப்போதுதான் வண்டியின் சொந்தக்காரர், அதாவது ஏலத்தில் எடுத்த வியாபாரியின் ஆள், எடைமெஷின் சீட்டோடு வந்தார். இரும்பு ஒரு குவியல், கன்மெட்டல் இணைப்புகள் ஒரு குவியல், செம்புக் குழாய் ஒரு குவியல். ஏலத்துக்கு வருகிற நாலைந்து பேரும் முதல் நாளே பேசிவைத்துக்கொள்வார்கள், ஒருவர் கேட்டால் மற்றவர் ஏற்ற மாட்டார் என்று பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். மொத்த வண்டியையும் இரும்பு விலைக்கு எடுத்து, கன்மெட்டலைத் தனி விலைக்கு விற்று, கியர்பாக்ஸை இன்னொரு லாரிக்காரருக்குத் தள்ளி, மூன்று பக்கமும் லாபம் பார்க்கிறவருக்கு விட்வொர்த் நட்டு எதுவென்று தெரியாது. தெரிந்தவருக்கு அன்றாடக் கூலி. ஸ்டேஷனில் அந்த வண்டியைத் துடைத்து ஓட்டியவருக்கு அதுவும் இல்லை. பொதுமக்கள் வரிப்பணத்தில் வாங்கி, உயிர் காத்த வண்டியை எடைக்குப் போடும்போது, அதில் கால் நூற்றாண்டு கை வைத்தவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்த ஏல நிபந்தனையிலாவது எழுதியிருக்கிறார்களா? வியாபாரி தின்பது பணத்தை மட்டும் என்றால் தொலையட்டும் என்று விடலாம். ஒரு வண்டி எப்படி ஓடியது என்ற அறிவையும் சேர்த்தல்லவா எடைக்குப் போடுகிறார்.

மேஸ்திரி இவ்வளவு கொதிக்கவில்லை. இப்போது கேபின் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது, புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவருக்கு ஏசியும் கட்டாயம் என்றேன். "நல்லதுதான் சார். எங்க மரக் கேபின்ல டிரைவருங்க வெந்தே செத்தாங்க" என்றார். பழைய லாரிமேல் பிரியமுள்ள ஒரே கூட்டம் சினிமாக்காரர்கள் என்பது அவர் அனுபவம். ஒரு படத்துக்குப் பழைய ஃபார்கோ லாரியைத் தேடி வந்தார்களாம். இவர் ஒரு மாதம் தட்டி நிமிர்த்தி ஓட வைத்துக் கொடுத்தார். கூலி நல்ல கூலி. கடைசிக் காட்சியில் அதைக் கொளுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில் பழைய வண்டிக்குச் சட்டப்படி மரியாதை உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் "விஏ" என்ற எழுத்துள்ள தனி நம்பர் தகடு. ஆனால் அது இருசக்கர வண்டிக்கும், எம்1 வகைக்கும் மட்டும். எம்1 என்றால் கார். சரக்கு லாரி "என்" வகை, அதற்கு இடமில்லை. இன்னொரு நிபந்தனை: வண்டி பிறந்த உருவிலேயே இருக்க வேண்டும், சேஸிலோ எஞ்சினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் கூடாது. ஷெட்டில் துணி போர்த்தி வைத்த ஜமீன் காருக்கு அது சாத்தியம். உழைத்த வண்டிக்கு எப்படிச் சாத்தியம்? பெட்ரோல் எஞ்சினோடு வந்த லாரிகளுக்குச் சென்னை சிம்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை மாற்றித்தானே ஓட்டினார்கள். ஒரு சேஸில் இரண்டு மூன்று கேபின் மாறியிருக்கும். ஒரு பம்பு இரண்டு வண்டி பார்த்திருக்கும். மாற்றி மாற்றி உயிரோடு வைத்ததுதான் இந்தத் தொழில். அதையே குற்றமாக எழுதிவைத்திருக்கிறது விதி.

பிரிட்டனில் 1958-லேயே பழைய லாரி, பஸ்களுக்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய லாரிகள் ஊர்வலமாகப் போகும். நம்மிடமும் ஒரு சாட்சி இருக்கிறது. 1914-ல் மான்செஸ்டர் பக்கத்து சால்ஃபோர்டில் ஜான் மோரிஸ் கம்பெனி செய்து, நிஜாம் அரசு ரயில்வே வாங்கிய தீயணைப்பு வண்டி, இன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பழைய கார் பேரணிகளிலும் ஓடியிருக்கிறது. தப்பித்ததற்குக் காரணம், ரயில்வேக்கு ஓர் அருங்காட்சியகம் இருந்ததுதான். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தீயணைப்பு வண்டிகளுக்கு அப்படி ஒரு கூரை இல்லை. தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் எத்தனை இடத்தில் இருக்கிறது?

கேட்பது பெரிதில்லை. வின்டேஜ் விதியில் எம்1-ஓடு சரக்கு வண்டிகளையும் தீயணைப்பு வண்டிகளையும் சேர்க்கட்டும். "பிறந்த உருவம்" என்ற நிபந்தனையை உழைத்த வண்டிகளுக்குத் தளர்த்தட்டும். ஒவ்வொரு மாநிலத் தீயணைப்புத் துறையும் உடைப்புக்கு அனுப்புமுன் மாவட்டத்துக்கு ஒரு வண்டியை, பம்போடும் மணியோடும், நிறுத்திவைக்கட்டும்.

பம்பாய் துறைமுக வெடிப்பில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த 1944 ஏப்ரல் 14-ஐ நினைத்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நடக்கிறது. ஸ்டேஷன்களில் மக்களுக்கு வண்டிகளைக் காட்டி விளக்குவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்னால் நிற்கும் புது வண்டியைப் பார்த்து முடித்ததும், பின்பக்கம் பழைய வண்டி ஏதாவது நிற்கிறதா, அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அதிகாரியிடம் கேளுங்கள்.