அவுட்

கோலார் தங்கவயலில் டீச்சராகச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் இங்கிலீஷ் வகுப்பின் சிரிப்புச் சத்தம் ஹெட்மாஸ்டர் ரூம் வரைக்கும் கேட்கும். எல்லாம் 'சைமன் சேஸ்' ஆட்டம். "சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்" என்றால் மூக்கைத் தொட வேண்டும். சைமன் பெயரைச் சொல்லாமல் கட்டளை போட்டால் அசையக் கூடாது. ஏமாந்தால் அவுட், உட்கார்ந்துவிட வேண்டும்.

முதலில் அவுட் ஆவது எப்போதும் ஒருத்திதான். கடைசி பெஞ்ச், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லயன் வீட்டுப் பிள்ளை. நாற்பது நிமிஷப் பீரியடில் முக்கால்வாசி நேரம் சுவரோரம் உட்கார்ந்து ரிப்பன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். யாருக்கு இங்கிலீஷ் அதிகம் வேண்டுமோ அவளைத்தான் நான் தினமும் முதலில் உட்கார வைத்திருக்கிறேன். இது உறைக்க இரண்டு வருஷம் ஆனது. கடைசிவரை நின்று ஜெயித்த பிள்ளையும் வாயைத் திறந்ததில்லை. பேசியதெல்லாம் நான்.

ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் இங்கிலீஷை 'இரண்டாம் மொழி' என்று போட்டிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு. அப்புறம்தான் இங்கிலீஷ். அதற்காக அது அந்நியமும் இல்லை. 1880-இல் தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து ஷாஃப்ட், கேஜ், ஷிஃப்ட் எல்லாம் தாத்தாக்கள் வாயில் புழங்கியவை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியதும் அந்தச் சொற்களுக்கும் வேலை போயிற்று. இப்போது அப்பாக்கள் இருட்டோடு எழுந்து பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.

அந்த ரயிலைத்தான் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருபேட்டை என்று இரண்டு தாளில் எழுதி, ஒன்றில் மூன்று ஸ்டேஷனுக்கு மட்டும் நேரம் போட்டேன். மற்றதில் மீதி மூன்றுக்கு. ஜோடியாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். முதல் நாள் தாளைக் காட்டி, தமிழிலேயே பேசி, ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்! மறுநாள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்தேன்.

இப்போது கேட்காமல் தீராது. ஒருத்தர் சும்மா இருந்தால் இன்னொருத்தர் தாளும் நிரம்பாது. யாரையும் அவுட் ஆக்க வழியில்லை.

"கோரமண்டல், வாட் டைம்?" கடைசி பெஞ்ச் பிள்ளையின் குரல். அவ்வளவு கணீரென்று அவள் பேசி நான் கேட்டதில்லை. அவள் ஜோடிப் பையன் சொன்னான். அவள் எழுதிக்கொண்டே, "டிரெயின் ஃபுல். மை ஃபாதர் ஸ்டாண்டிங்" என்றாள்.

'இஸ்' விட்டுப்போச்சு என்று திருத்த வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். மறுநாள் யார் சொன்னது என்று சொல்லாமல் அந்த வாக்கியத்தை போர்டில் எழுதிச் சரிசெய்துகொண்டோம்.

நான் விழுங்கிக்கொண்ட அந்த நொடியில் பையன் முந்திக்கொண்டான். "ஈவினிங் ஆல்சோ ஸ்டாண்டிங்?"

"யெஸ்."

நான் எழுதிக்கொடுத்த தாளில் அந்தக் கேள்வி இல்லை. அடுத்த வாரம் ராபர்ட்சன்பேட்டை பஸ் நேரம் போட்டு அவர்களே இரண்டு தாள் எழுதிக்கொண்டு வந்தார்கள்.