பாதி சொன்னால் மீதி சொல்லும்!

செல்போனில் 'சா' என்று தட்டினதுமே 'சாப்பிட்டீங்களா' என்று மேலே வந்து நிற்கிறதே, அதற்கு 'ஆட்டோகம்ப்ளீட்' என்று பெயராம். ஆட்டோ என்றதும் நமக்கு ஸ்டாண்டில் நிற்கும் மூன்று சக்கர வண்டிதான் ஞாபகம் வரும். 'தான், தானாக' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம் அது. 'கம்ப்ளீட்' லத்தீனிலிருந்து வந்தது. நிரப்புவது என்று அர்த்தம். நாம் பாதியில் விட்டதைத் தானே நிரப்பி வைப்பது, அவ்வளவுதான்.

2004-ல் கூகுள் தன் தேடும் பெட்டியில் இதைப் போட்டது. அதற்கு முன்பே பட்டன் போன்களில் 'டி9' என்று ஒன்று இருந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால், 1980களிலேயே, கையை நன்றாக அசைக்க முடியாதவர்களுக்காக மேல்நாட்டில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்தார்கள். ஒவ்வொரு எழுத்தைத் தட்டுவதும் பெரும்பாடாக இருப்பவர்களுக்கு நாலு தட்டு மிச்சமானால் அது சின்ன விஷயமா? 'சோம்பேறிகளுக்கு வந்தது' என்று கேலி பேசுகிறவர்களுக்கு இது தெரியாது.

அரியலூரில் இருக்கும் என் பெரியக்காவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. புத்தி மட்டும் பழையபடி கத்தி மாதிரி! பெரம்பலூரிலிருந்து நான் பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அக்கா 'எனக்கு' என்று ஆரம்பித்தால் போதும், "தண்ணியாம்மா?", "பாத்ரூம் போகணுமா?" என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். பாசத்தில்தான். ஆனால் அக்கா முகம் சுருங்கிப் போகும், வாயை மூடிக்கொள்வாள்.

அவள் மருமகள்தான் போனில் தமிழ் எழுத்து வரும்படி செய்து கொடுத்தாள். இடது கை ஒரு விரலால் தட்டுகிறாள். அர்த்தம் புரிந்தா போன் சொல்கிறது? எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது அதிகம் வரும் என்ற கணக்குதான். நாம் அடிக்கடி எழுதுவதையும் கற்றுக்கொள்ளும். அக்காவின் பேத்தி பெயர் இப்போது முதல் எழுத்திலேயே வந்துவிடுகிறது. மருந்தின் பெயரும் அளவும் மட்டும் முழுக்கப் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், சகோதரிகளே. ஒன்றுக்கு இன்னொன்று வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், மூன்று சொல்லைக் காட்டிவிட்டு அது சும்மா இருக்கிறது. வேண்டுமானால் தொடலாம், வேண்டாமென்றால் விடலாம். போன வாரம் அக்கா 'எனக்கு' என்று தட்டினாள். 'வேண்டும்', 'தெரியாது', 'ரொம்ப' என்று வந்தது. மூன்றையும் விட்டுவிட்டு, எழுத்தெழுத்தாக அடித்து என் பக்கம் திருப்பினாள்: "எனக்கு கங்கைகொண்ட சோழபுரம் போகணும்டி."

எங்களில் யாரும் நினைத்திருக்கவே மாட்டோம்! வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லியிருக்கிறோம்.