வெற்றுக் கட்டத்தின் பொருள்

காலத்தை எண்ணுவதற்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்கென ஓர் அளவுகோலை வகுத்துக் கொள்கின்றது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டனர் எம் முன்னோர். கடலை அண்டியது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையிலே, வாவி கடலோடு கலக்கும் இரு வாயில்களுள் ஒன்றைக் கொண்ட ஊர் பெரியகல்லாறு. இங்கு ஆண்டு என்பது சுவரில் தொங்கும் பன்னிரண்டு தாள்கள் மட்டுமன்று. கச்சான் வீசும் நாட்கள், வாடை தொடங்கும் நாட்கள், வெள்ளம் பெருகும் நாட்கள், கண்ணகி அம்மன் சடங்கு நிகழும் வைகாசி நாட்கள் என்று அதற்கு வேறொரு கணக்கும் உண்டு.

இவ்வூரில் மாலை வேளைகளிற் கூடிப் பயிலும் மாணவர் சிலருக்காக இணையச் செயலி ஒன்றை அமைத்து வருகின்றேன். தாம் செய்து பார்த்த வினாக்களை அவர்கள் அன்றன்று அதிலே பதிவர். ஓராண்டு உழைப்பை ஒரே பார்வையிற் காட்டும் படமொன்றை அதனுடன் சேர்க்க வேண்டுமென்பது அவர்களின் விருப்பம். செயற்பாட்டு வெப்ப நாட்காட்டி என இதனைக் கூறலாம். கிழமையின் ஏழு நாட்களுக்கு ஏழு நிரைகள். வாரங்களுக்கு ஐம்பத்து மூன்று நிரல்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கட்டம். உழைப்பு மிகும்தோறும் கட்டத்தின் நிறம் அடர்ந்து செல்லும்.

எண்ணை நிறத்தால் உணர்த்தும் இம்முறை புதியதன்று. 1873ஆம் ஆண்டிலேயே துசேன் லூவா என்னும் பிரெஞ்சுப் புள்ளிவிவர அறிஞர், பாரிசு நகரின் இருபது வட்டாரங்களைப் பற்றிய தரவுகளை நிறமூட்டிய கட்டங்களாக வரைந்து காட்டினார். நிரலாக்குநர் தம் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிற்ஹப் என்னும் தளம் 2013இல் இத்தகைய பச்சைக் கட்டங்களை ஒவ்வொருவரது பக்கத்திலும் இட்டபின் இவ்வடிவம் உலகெங்கும் பரவியது.

கட்டங்களை வரைவது எளிது. ஒரு நாளின் எண்ணிக்கையைப் பெற்று, கிழமையைக் கொண்டு நிரையையும் வாரத்தைக் கொண்டு நிரலையும் கணித்து, உரிய நிறத்தில் ஒரு சதுரத்தை இட்டால் முடிந்தது. வாரம் ஞாயிறன்று தொடங்குவதாகக் கொண்டால், சனிக்கிழமை பிறக்கும் நெட்டாண்டாகிய 2028க்கு ஐம்பத்து நான்கு நிரல்கள் வேண்டும் என்பது போன்ற சில நுட்பங்களை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆயின் ‘நாள்’ என்பது யாது என்னும் வினா எழும்போதுதான் சிந்தனை ஆழமாகின்றது.

கணினிகள் நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்திலேயே சேமிக்கின்றன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவியொருத்தி வைகறை நான்கு மணிக்கு எழுந்து பதியும் வினாக்கள், பொது நேரக் கணக்கிலே முதல் நாளிரவு பத்தரை மணிக்கு உரியனவாகின்றன. அவ்வாறே கட்டத்தில் இட்டால், திங்கட்கிழமை வைகறையின் உழைப்பு ஞாயிற்றின் கணக்கிற் சேரும்; அவள் உறக்கம் துறந்து உழைத்த நாள் வெறுமையாய்த் தோன்றும். ஐந்தரை மணித்தியாலத்தை எப்போதும் கூட்டிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. 1996 மே மாதத்தில் நம் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கின. 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு மீண்டன. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவுமில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள், எம் கரையை அழித்த ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் நிகழ்ந்தபோது கொழும்பின் கடிகாரம் காட்டியது ஆறு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். இன்றைய கணக்கை அன்றைக்குப் பொருத்தினால் ஆறு இருபத்தெட்டு என வரும். ஆதலாற் கணத்தைப் பொது நேரத்திற் சேமித்து, ‘ஆசியா/கொழும்பு’ என்னும் வலயப் பெயரைக் கொண்டு நாளைத் தீர்மானிப்பதே முறையாகும். அப்பெயருக்குரிய அட்டவணையில் இம்மாற்றங்கள் யாவும் பதிவாகியுள்ளன.

அடுத்து எழுவது நிறத்தின் நீதி. வகுப்பிலே மிகுதியாகச் செய்தவரின் எண்ணிக்கையை உச்சமாக வைத்தால், மெல்லப் பயிலும் மாணவனின் ஆண்டு முழுவதும் வெளிறிப் போகும். தம்பியரைப் பார்த்துக்கொண்டே பத்து வினாக்களைச் செய்தவனின் உழைப்பு, தனியறையிலிருந்து ஐம்பது செய்தவனின் உழைப்பிற் குறைந்ததென்று யார் கூறவல்லார்? ஆகவே ஒவ்வொருவரின் நாட்களையும் அவரவர் நாட்களோடே ஒப்பிட்டு நான்கு படிகளாகப் பிரித்தேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதாரை எண்ணி, ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாட்டையே கையாண்டேன்.

எனினும் என்னை நெடிது சிந்திக்க வைத்தது நிறமுள்ள கட்டமன்று, வெற்றுக் கட்டமே. நவம்பரில் வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் அற்ற நாளும், சடங்கிற்காகக் குடும்பமே கோயில் வாசலில் நின்ற நாளும், தந்தையின் தோணிக்குத் துணையாக வாவியில் இறங்கிய நாளும், வாளா சோம்பியிருந்த நாளும் ஒரே வெறுமையாகவே தோன்றுகின்றன. இயந்திரம் ‘இல்லை’ என்று மட்டுமே கூறும். ஏன் இல்லை என்று கூறாது. தரவு இல்லாமை வேறு, உழைப்பு இல்லாமை வேறு. எனவே மாணவரே விரும்பினாற் குறிக்கத்தக்க வகையில், சாய்கோடிட்ட கட்டமொன்றை வகுத்தேன். அது விடுப்பு நாள், காரணம் கேட்கப்படாது. இன்னும் வாராத நாட்களைக் கட்டமாகவே வரையவில்லை. வருங்காலத்தை எவரும் வெறுமையாகக் காணுதல் ஆகாது.

தொடர்ந்து எத்தனை நாள் படித்தார் என்னும் எண்ணையும் சேர்க்குமாறு பெற்றோர் சிலர் வேண்டினர். அதனை நான் சேர்க்கவில்லை. கிற்ஹப் தளம் 2016இல் அத்தகைய தொடரெண்ணை நீக்கியது. அதன் விளைவை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, நீக்கத்தின் பின் நீண்ட தொடர்கள் அருகியதையும், வார இறுதி உழைப்புக் குறைந்ததையும் எடுத்துக் காட்டியது. எண்ணைக் காக்கவே பலர் உழைத்தனர் என்பது இதனாற் புலனாகின்றது. தேவை கருதி உழைப்பது வேறு. கட்டம் வெறுமையாகிவிடுமே என்றஞ்சி உழைப்பது வேறு. முன்னது கல்வி, பின்னது காவல். அதே காரணத்தால், ஒருவரின் படத்தை அவர் மட்டுமே காண அமைத்தேன். ஆசிரியருக்குக் காட்டுவதும் காட்டாதிருப்பதும் மாணவரின் விருப்பம்.

இயந்திரங்கள் வாழ்வை அளக்கும் காலம் இது. அளப்பதை மறுக்க வேண்டியதில்லை; தன் உழைப்பு நிறமாகத் திரண்டு நிற்பதைக் காணும் மாணவியின் உள்ளத்திற் பிறக்கும் ஊக்கம் உண்மையானதே. ஆயின் அளவுகோலை ஆக்குவோன் எவற்றை அளக்க இயலாதென்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவுக்கும் அளவுகோலில் ஓர் இடம் ஒதுக்குதல் வேண்டும். பல்கலைக்கழகத்திலே நாளைய கருவிகளை ஆக்கக் கற்போர் இதனை மனத்திற் கொள்வாராக.